அரை வோல்ட் எங்கே போயிற்று

மேடத்துக்கு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த முதல் நாளே டம்ளருக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார்.

“கேன்டீன்ல ஊத்தறப்ப என்ன சூடுங்கண்ணா இருந்துச்சு?”

எனக்கு எப்படித் தெரியும். சூடாக இருந்தது என்றேன். அடுத்த நாள் தெர்மாமீட்டரை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார். நான் அதை டம்ளருக்குள் விடுவதைப் பார்த்த கேன்டீன்காரர், “டீக்குக் காய்ச்சலா? மாத்திர எதுனா போடணுமா?” என்று கேட்டார். கேன்டீனில் எண்பத்தொன்று. மூன்று மாடி ஏறி லேபுக்கு வந்தபோது அறுபத்தெட்டு.

“பதிமூணு டிகிரி எங்க போச்சு?”

காற்றில் போயிருக்கும் என்றேன். காற்றில் எவ்வளவு, டம்ளரில் எவ்வளவு என்று கேட்டார். மூன்றாம் நாள் டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு டீயை ஊற்றி, மேலே ஒரு மூடி போட்டு எடுத்து வரச் சொன்னார். எழுபத்தாறு இருந்தது. பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது பார்த்தீர்களா என்று சொல்லி டம்ளரை மேசையில் வைத்தவர், அதை மறந்துபோனார். முழுக்க ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்தார்.

அவரைப் பற்றி ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எது குறைந்தாலும் எங்கே போயிற்று என்று கேட்பார். நாமெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவர் தேடப் போய்விடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் வண்டியில் ஆந்திரா முழுக்கச் சுற்றியிருக்கிறேன். கேரளாவில் பேக்கரி, ராஜஸ்தானில் சோலார் தகடு கழுவுகிற வேலை, நடுவில் பெயர் சொல்ல முடியாத சில வேலைகள். ஓர் இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் கால் அரிக்கும். பிரச்சினை வந்தால் அதற்கும் முன்பே அரிக்கும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். சண்டை போட்டதில்லை, சமாதானம் பேசியதும் இல்லை. நாற்பத்தொரு வயதில் ஊர்ப்பக்கம் திரும்பியபோது தெரிந்த வேலை கழுவுவது ஒன்றுதான். கடத்தூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் ஒரு கல்லூரி இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் மொட்டை மாடித் தகடுகளைக் கழுவப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் கழுவுவதைப் பார்த்தபடி நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

சுத்தமாகிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தண்ணி துளித்துளியாக நின்றால் பிசுக்கு இருக்கிறது, பாய் விரித்த மாதிரி வழிந்தால் சுத்தம் என்றேன்.

“இத எங்க எம்எஸ்சி புள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்ட போச்சுங்கண்ணா. நீங்க கீழ வந்துருங்க” என்றார்.

அப்படித்தான் அவருடைய லேபுக்கு உதவியாளாகப் போனேன். வேலை என்ன என்றால், மறுபடியும் கழுவுவதுதான். தீப்பெட்டியில் பாதி அளவு கண்ணாடித் துண்டுகள். சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், பிறகு இரண்டு வகை மருந்து, மறுபடி காய்ச்சி வடித்த நீர். ஒவ்வொரு முறையும் எதில் கழுவினேன், எத்தனை நிமிடம் என்று ஒரு பெரிய நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு எழுதியதில்லை.

அந்தக் கண்ணாடித் துண்டின் மேல் அவர் பூசுவது சோலார் மை. மொட்டை மாடியில் இருக்கிற தகடு மணலில் இருந்து செய்தது, கனமானது. இவருடையது கரியும் கந்தகமும் சேர்ந்த மூலக்கூறுகளால் ஆனது. கரைத்துப் பூசலாம், பிளாஸ்டிக் தாளில்கூட அச்சடிக்கலாம். ஆனால் அதில் ஒரு குறை. வெயில் உள்ளே கொண்டுவருவது ஒன்றே கால் வோல்ட்டுக்கு மேல். கம்பியில் நமக்குக் கிடைப்பது பாயிண்ட் எட்டு சொச்சம். நடுவில் அரை வோல்ட் காணாமல் போகிறது. அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக.

எனக்கு விளங்கவில்லை என்றபோது பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு படி உடைந்து, இரண்டு படி ஆழத்துக்குப் பள்ளம். மேலே நின்று குதிக்கச் சொன்னார். இந்த வயதிலா என்றேன். குதிங்கண்ணா என்றார். குதித்தேன். தொம்மென்று சத்தம் கேட்டது, முழங்காலில் வலித்தது.

“அந்தச் சத்தந்தாங்கண்ணா நட்டம்” என்றார்.

கலவையில் இரண்டு பொருள் இருக்குமாம். ஒன்று வெயில் பட்டதும் மின்னணுவை விட்டுக் கொடுப்பது. இன்னொன்று அதை ஏந்திக்கொள்வது, அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி பள்ளத்தில் நின்றால் மின்னணு ஆசையாகக் குதித்துவிடும், ஆனால் குதித்த உயரம் சத்தமும் சூடுமாக வீணாகும். ஏற்பி சமமாக நின்றால் எதுவும் வீணாகாது, ஆனால் மின்னணு நகராமல் நின்றாலும் நிற்கும். படியின் உயரம் குறைவாகவும் இருக்க வேண்டும், மின்னணு இறங்கவும் வேண்டும். அப்படி ஓர் ஏற்பியை அவர் வரைந்து, சமைத்து, வடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நீளமாக ஓர் உடம்பு, இரண்டு பக்கமும் கிளைவிட்ட கைகள், இரண்டு முனையிலும் வால். வாலில் புளோரின் ஒட்டுவார், ஒன்றை எடுப்பார், கைகளை நீட்டுவார், குறுக்குவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு மாதம், பதினோரு கட்டம். கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகை கருநீலப் பொடி.

இன்னொன்றும் சொல்வார். நல்ல சோலார் செல் ஒரு நல்ல விளக்காகவும் இருக்க வேண்டுமாம். கரண்டைத் திருப்பி உள்ளே விட்டால் அது மினுங்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஓர் இருட்டுப் பெட்டிக்குள் கேமரா வைத்துப் பார்ப்பார். எது அதிகமாக மினுங்குகிறதோ அதில் நட்டம் குறைவு. வாங்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, திருப்பிக் குடுக்கவும் தெரியணும் என்பார். அவருடைய பெட்டிக்குள் மூன்று வருடமும் இருட்டாகத்தான் இருந்தது.

ஒருமுறை மாதா கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். சித்தேரி மலைக்குக் கீழே, மரவள்ளியும் மாவும் போடுகிற கிறித்துவக் குடும்பம். சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள், பக்கத்தில் வருடம். பிள்ளைகள் வளர்ந்த கணக்கு என்று நினைத்தேன். ஆனால் வருடம் ஏற ஏறக் கோடு கீழே இறங்கியது. அவருடைய அப்பா கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். புளோரைடு கலந்த போர்த் தண்ணி குடித்து வருகிற முதுகு. எங்கள் பக்கத்தில் அதை யாரும் விசாரிக்க மாட்டார்கள், பார்த்தாலே தெரியும். வருடா வருடம் அவர் கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதை மகள் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்.

“மத்த வூட்ல புள்ள வளர வளரக் கோடு போடுவாங்க தம்பி” என்றார் பெரியவர். “எம்புள்ள அப்பன் கொறையக் கொறையப் போடுது.”

சிரித்தார். அம்மாவும் சிரித்தார். மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், பல்லில் பழுப்புக் கறை. எனக்கும் அதே பல்தான், நான் மூடுவதில்லை. திரும்பி வரும்போது, அப்பாவிடம் குறைந்த இந்த ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும் என்றார். பிறகு, அப்பா முதுகில் இருப்பதுதான் என் மூலக்கூறு வாலிலும் இருக்கிறது, ஒட்டுகிற இடம்தான் வேறு என்றார். சுவரில் கோடு போடுகிற அளவுக்கு ஒரு மனுசி இருக்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அவரிடம் எனக்குப் பயம் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. குளோரோபார்ம் பாட்டிலில் கோடு வைத்து அளந்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை அதில் இரண்டு விரல் குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்று பெருக்குகிற அம்மாவைக் கேட்டார், மாணவர்களைக் கேட்டார், என்னை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது என் பையைப் பார்த்தார். நான் பையைத் திறந்து மேசையில் கொட்டினேன். ஒரு லுங்கி, ஒரு துண்டு, பல் குச்சி. புதன்கிழமை பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடியில் தலைமுடி அளவு விரிசல்.

“உங்களத்தான் நெனச்சங்கண்ணா. தப்பு. மூடி வழியா ஆவியாப் போயிருக்குது” என்றார். முகத்தில் வெட்கம் கொஞ்சம்தான் இருந்தது. போன இடம் தெரிந்துவிட்ட நிம்மதிதான் அதிகம். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இவர் கையில் மாட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டினேன்.

ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் ரூமுக்கும் மட்டும். நீர் வடிக்கிற மெஷின் நின்றுவிட்டது. கேனில் கால் பங்குதான் மிச்சம். புதுப் பொடி அப்போதுதான் தயாராகியிருந்தது, கரண்ட் வந்ததும் பூசிப் பார்க்க வேண்டும், கண்ணாடிகளைக் கழுவி வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். கழுவப் போனால் தண்ணீர் போதாது. தாழ்வாரத்தில் இரண்டு குழாய். ஒன்றில் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணி, அன்றைக்கு வந்துகொண்டிருந்தது. விடுதிப் பிள்ளைகள் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். இன்னொன்றில் போர்த் தண்ணி, கேட்பாரில்லை.

இதை வேறு ஊர்க்காரர் யாரும் செய்திருக்க மாட்டார். கண்ணாடிக்கு வேண்டியது சுத்தமான தண்ணி, இருப்பதில் சுத்தமானது ஆற்றுத் தண்ணி, அதைத்தான் பிடித்திருப்பார். ஆனால் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு நல்ல தண்ணியை எடுத்துக் கண்ணாடியில் ஊற்ற மனசு வராது. அது வாய்க்கு உள்ளது. ஊரே பல் கறுத்து முதுகு விறைத்த பிறகு வந்து சேர்ந்த தண்ணி. நான் கேனில் போர்த் தண்ணியை நிரப்பினேன். கண்ணாடியில் அது பாய் விரித்த மாதிரிதான் வழிந்தது. நோட்டில் எப்போதும் எழுதுவதையே எழுதினேன். காய்ச்சி வடித்த நீர், ஐந்து நிமிடம், கையெழுத்து.

கரண்ட் வந்ததும் அந்தக் கண்ணாடிகளில் பூசிய செல்கள்தான் வோல்ட் எண்ணைக் கூட்டின. அதுவரை பாயிண்ட் எட்டு மூன்று. அன்றைக்கு பாயிண்ட் எட்டு ஏழு. அவர் நாலு முறை அளந்தார். பெட்டிக்குள் வைத்து கேமராவைப் போட்டார். திரையில் ஒரு சின்னச் சதுரம், சாம்பல் பூத்த கங்கு மாதிரி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வாயை மூடாமல் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துறைத் தலைவர் ஓடி வந்தார். இரண்டு மாதத்தில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து ஆய்வுத் திட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் இன்னும் மூன்று வருடம், இல்லையென்றால் லேபைப் பூட்ட வேண்டியதுதான், அவருக்கும் வேலை இல்லை. இந்த எண் போதும்மா என்றார் தலைவர். மறுபடி வரணுங்க சார் என்றார் அவர்.

வரவில்லை. இப்போது நீர் வடிக்கிற மெஷின் ஓடியது, நான் முறைப்படி கழுவினேன். எட்டு மூன்று. அடுத்த தடவையும் எட்டு மூன்று. காற்றில் ஈரம் என்று நினைத்து ஈரத்தை அளந்தார். தன் கை நடுங்குகிறது என்று நினைத்து மாணவனைப் பூசச் சொன்னார். பொடியில் அழுக்கு என்று நினைத்து மறுபடி வடித்தார், அதில் பாதிப் பொடி போயிற்று. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு துளிப் பொடி தீர்ந்தது. புட்டியின் அடி வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. மறுபடி செய்ய நாலு மாதம் ஆகும், அந்த நாலு மாதம் அவரிடம் இல்லை.

முன்பெல்லாம் குறைந்தால் தேடுவார். இப்போது கூடியது எங்கிருந்து வந்தது என்று தேடினார். இது இன்னும் மோசமாக இருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பிப் போனது. டீயைக் கொண்டு வைத்தால் வைத்த இடத்திலேயே ஏடு கட்டியது. தெர்மாமீட்டர் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கி என்ன பண்ணோமுங்கண்ணா? எதோ ஒண்ணு பண்ணியிருக்கோம்.”

நான் கேனைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில்தான் ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லாத மூன்று நாள், இரண்டு குழாய். நோட்டில் என் கையெழுத்து. மேசையில் கொட்டிய லுங்கியும் துண்டும். தெரியலீங்க மேடம் என்றேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாள் சொல்லாததால் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அவர் புட்டியைச் சுரண்டினார். பிறகு எனக்குக் கால் அரித்தது. ஒரு சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு அரூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து எங்கே என்று தெரியவில்லை, தீர்த்தமலை பஸ் நின்றிருந்தது, ஏறிவிட்டேன்.

மலைமேல் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடங்களில் கூட்டம் இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சாமி பெயர், ஒரு குணம். ஓர் அம்மா தனித்தனி பாட்டிலில் பிடித்து, மூடியில் வேறு வேறு நிற நூல் கட்டிக்கொண்டிருந்தார். புருசன்காரர் சுமக்க முடியாமல், எல்லாம் ஒரே மலைத் தண்ணிதானே, ஒரு கேனில் ஊற்றிவிடலாம் என்றார்.

“ஒண்ணா ஊத்துனா எதுக்கு நோவு கேட்டுச்சு எதுக்குக் கேக்கலன்னு உனுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அந்த அம்மா. “தூக்க முடியலன்னா முடியலன்னு சொல்லு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது லேபில் மூன்று வருடம் வேலை பார்த்த எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறு முழுக்க அங்கேயே கிடந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பினேன். இதுவரை விட்டுவந்த இடங்களில் நான் திரும்பிப் போனது அது ஒன்றுக்குத்தான்.

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடிகளைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கரண்ட் இல்லாதபோது கேனில் போர்த் தண்ணி ஊற்றினேன், நோட்டில் மாற்றி எழுதினேன். அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எந்தக் குழாய்? கேனில் எத்தனை பங்கு? எல்லாக் கழுவலிலுமா, கடைசிக் கழுவலில் மட்டுமா? உலர்த்தும்போது வெள்ளையாகக் கறை தெரிந்ததா? நான் பதில் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியில், இது எப்போது ஞாபகம் வந்தது என்று கேட்டார்.

“நேத்துதாங்க மேடம்” என்றேன்.

மலைக்குப் போய் வந்த கதையை மட்டும் சொன்னேன். சரி என்று அதையும் எழுதிக்கொண்டார்.

ஆய்வு ஆட்கள் வர ஒன்பது நாள் இருந்தது. மிச்சப் பொடியை இரண்டாகப் பிரித்தார். கடையில் வாங்கிய சாதாரண ஏற்பி ஒன்று இருந்தது, உலகத்தில் எல்லா லேபிலும் இருப்பது. அதையும் இரண்டாகப் பிரித்தார். பாதிக் கண்ணாடி வடித்த நீரில், பாதி போர்த் தண்ணியில். ஏழு நாள் ஆயிற்று. போர்த் தண்ணியில் கழுவியவற்றில் அவருடைய பொடி எட்டு ஏழு கொடுத்தது. கடைப் பொடியும் எட்டு ஏழு கொடுத்தது. வடித்த நீரில் இரண்டும் எட்டு மூன்று.

என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. கூடியது தண்ணியால். அவர் மூன்று வருடம் வரைந்து சமைத்ததற்கும் கடையில் கிடைப்பதற்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காலி.

“அப்ப நான் ஒண்ணுமே பண்ணல” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

தண்ணியில் எது செய்தது, புளோரினா, சுண்ணாம்பா, உப்பா என்று கேட்டேன். தெரியாது என்றார். கண்ணாடியின் மேல் படிந்து, மின்னணு சிக்கிக்கொள்கிற ஓட்டைகளை அடைத்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது. அப்பாவை முடக்கிய தண்ணியே எனக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறது பாருங்கள் என்றார். அதில் சிரிப்பு இல்லை, கசப்புகூட இல்லை. வெறும் தகவல் மாதிரிச் சொன்னார்.

துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நான் உள்ளேதான் இருந்தேன், என்னை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. உன் பொடியைப் போட்டாய், எட்டு ஏழு வந்தது, அது பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை என்றார் அவர்.

“அப்பறம் என்னம்மா? கண்ணாடிய எதுல கழுவுனீங்கன்னு யாரு கேக்கப் போறாங்க?”

“நான் கேக்கறனுங்களே சார்.”

தலைவர் நல்ல மனிதர்தான். போகும்போது என்னைப் பார்த்து, நீயாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆய்வு நாளில் நான் பின்னால் நின்று தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். அவர் எட்டு ஏழைக் காட்டினார், அடுத்த படத்திலேயே கடைப் பொடியின் எட்டு ஏழையும் காட்டினார், என் ஏற்பியால் நட்டம் குறையவில்லை என்றார். வந்தவர்களில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் தண்ணியில் எந்த உப்பு என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. அது தெரிந்தால் அதுவே ஒரு வேலை, அதற்கே மூன்று வருடம் கொடுக்கலாம் என்றார்.

“தெரியலீங்க சார். பாக்கறதுக்குள்ள நாள் தீந்துபோச்சு.”

பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினார். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அவர் அழுததை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க லேப் நோட்டுகளை வரிசைப்படுத்தினார். கழுவுகிற நோட்டை என் முன்னால் விரித்து, அந்தத் தேதிக்கு எதிரே உண்மையை எழுதச் சொன்னார். காய்ச்சி வடித்த நீர் என்பதை ஒரே கோட்டால் அடித்து, கீழே இருப்பது தெரிகிற மாதிரி அடித்து, போர்த் தண்ணி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்றார். அடுத்து யாரும் வரவில்லை. அந்த அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு டீச்சர் வேலை கிடைத்தது. போகிற அன்றைக்குப் புத்தகப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசல் ஸ்டாப்புக்குப் போனேன். பதினோரு மணி வெயில். அப்பாவைப் பற்றிப் பேசினார், இந்த வருடக் கோடு இன்னும் போடவில்லை என்றார். தூரத்தில் திருப்பத்தில் பஸ் தெரிந்தது. அப்போது என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும். தண்ணி விசயம் உங்களுக்கு நெசமா எப்ப ஞாபகம் வந்துச்சு?”

நேற்றுதான் என்று அன்றைக்குச் சொன்னதையே சொல்லியிருக்கலாம். பஸ் வந்துகொண்டிருந்தது, ஒரு நிமிடத்தில் அவர் போய்விடுவார். ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கு ஒரு பதில்கூடக் கிடைக்காமல் அவர் பஸ் ஏறக் கூடாது என்று தோன்றியது.

“உங்ககிட்ட சொன்னதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடியேங்க மேடம்.”

அவர் உதடு அசைந்தது. கூட்டுகிறார் என்று தெரிந்தது. ஒன்பதோடு பதினெட்டு, இருபத்தேழு நாள். ஒவ்வொரு உப்பாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆய்வுக்கு வந்த பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் அவர் முகத்தில் வரிசையாகப் பார்த்தேன். பிறகு முகம் தளர்ந்தது. விரிசல் விட்ட மூடியை என் முன்னால் கொண்டுவந்து வைத்த புதன்கிழமை இருந்ததே, அதே முகம்.

“அங்க போச்சா” என்றார்.

பஸ் நின்றது. பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன்.